தாது வருஷம் – 7: கஞ்சித்தொட்டியும் கஜானாவும்

பசித்தவனுக்குச் சோறு போடுவது யார் பொறுப்பு? இருப்பவன் மனமுவந்து செய்யும் தர்மமா, வரி வாங்கும் அரசு செய்தே ஆக வேண்டிய கடமையா? அமைதியான காலத்தில் பண்டிதர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிடக்கூடிய கேள்வி இது. 1877-ஆம் ஆண்டு ஆடி மாதம் சென்னை ராஜதானிக்கு அவ்வளவு அவகாசம் இருக்கவில்லை. அதற்கான விடையைத் தானியப் படியாலும் ரூபாய்க் கணக்காலும் உடனே சொல்லியாக வேண்டியிருந்தது.

இதுவரை

1876-இல் தாது வருஷத்தின் மழை பொய்த்தது. தென்மேற்குப் பருவம் ஏமாற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் வர வேண்டிய வடகிழக்குப் பருவமும் கைவிட்டது. அன்றைய சேலம் ஜில்லா இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களையும் உள்ளடக்கிய பெரிய நிலப்பரப்பு. அதில் பெரும்பகுதி மானாவாரி. ராசிபுரம், வெண்ணந்தூர், ஆட்டையாம்பட்டிச் சமவெளியில் சோளமும் கம்பும் கேழ்வரகும்தான் சாப்பாடு. ஏரி நிரம்பினால் கொஞ்சம் நெல் விளையும். திருமணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தால் கிணறு ஊறும். இரண்டும் நடக்கவில்லை.

தானிய விலை இரண்டு மடங்கானது, பிறகு மூன்று மடங்கானது. வியாபாரிகள் மூட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் நிர்வாகம் ஆர்பத்நட் கம்பெனி மூலம் முப்பதாயிரம் டன் தானியத்தை ரகசியமாக வாங்கியது. அரசு சந்தையில் கைவைக்கக் கூடாது என்று வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் இந்திய அரசாங்கம் அதைக் கண்டித்தது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியா இந்தியாவின் சக்ரவர்த்தினியாக அறிவிக்கப்பட்டபோது, சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோர் நிவாரண வேலைத்தளங்களில் மண் சுமந்துகொண்டிருந்தார்கள்.

இந்த வாரம்: தர்மம் எங்கே நின்றுபோனது, அரசு எங்கே தயங்கியது, இரண்டுக்கும் நடுவே கோடு எப்படி விழுந்தது?

ஊர் தர்மம் வற்றியது

பஞ்சத்தின் முதல் சில மாதங்களில் மக்களைக் காப்பாற்றியது சர்க்கார் அல்ல, ஊர்தான்.

குதிரில் மிச்சம் இருந்த வீடுகள் கூழ் ஊற்றின. பண்ணையத்தில் பரம்பரையாக உழைத்த ஆட்களுக்கு விவசாயிகள் தங்களால் முடிந்த வரை படி அளந்தார்கள். சத்திரங்களில் அன்னதானம் நடந்தது. சென்னையில் செல்வந்தர்கள் சிலர் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டார்கள். மாயூரத்தில் முன்னாள் முன்சீப் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார். அவரைப் புகழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையே பாடினார். மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தம் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சித்தொட்டி நடத்தியதாக மக்கள் இன்றும் சொல்கிறார்கள். இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1867-இல், வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அணையா அடுப்பை ஏற்றியிருந்தார். பசித்தவனுக்குச் சோறு போடுவதே தலையாய அறம் என்ற எண்ணத்துக்கு இந்த மண்ணில் குறைவே இல்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. தர்மம் விளைச்சலைச் சார்ந்தது. ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் பக்கத்து வீடு உதவலாம். ஒரு தெருவே பட்டினி கிடந்தால் அடுத்த தெரு உதவலாம். ஜில்லா முழுவதும் ஒரே மழையை நம்பி, ஒரே மழையால் ஏமாந்தபோது, நேற்றுவரை கொடுத்தவனே இன்று கைநீட்டும் நிலைக்கு வந்தான். தேவை உச்சத்தைத் தொட்ட அதே மாதத்தில் கொடுக்கும் கையும் காலியானது. விவசாயி முதலில் நகையை விற்றான், பிறகு பித்தளைப் பாத்திரத்தை, பிறகு உழவு மாட்டை. மாட்டை விற்றவனிடம் யாரும் தர்மம் கேட்க முடியாது.

இரண்டாவது குறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தர்மம் செய்பவர் தம் விருப்பப்படிதான் கொடுப்பார். தம் ஆளுக்கு, தம் ஜாதிக்கு, தம் கோயிலைச் சேர்ந்தவருக்கு என்று அந்தக் கை முதலில் நீளும். பழைய சத்திரங்கள் பலவற்றில் சமைத்த சோறு யாருக்கு என்பது ஏற்படுத்தியவரின் சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஊர் எல்லைக்கு வெளியே சேரியில் இருந்தவர்களுக்கு அந்தச் சாசனங்களில் பெரும்பாலும் இடம் இல்லை. கூலியைத் தவிர வேறு வழியில்லாத அவர்கள்தான் வேலை நின்ற முதல் வாரமே பட்டினியில் விழுந்தவர்கள்.

மூன்றாவது, தர்மம் ஓரிடத்தில் குவிந்தது. கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்ட பட்டணங்களை நோக்கிக் கூட்டம் நடந்தது. வழியெங்கும் சாவு. கூடிய இடத்தில் காலரா. கொடுத்தவர் மேல் குற்றமில்லை. ஆனால் எங்கே எத்தனை பேர் வருவார்கள், அவர்களுக்கு எங்கே தண்ணீர், எங்கே கழிப்பிடம் என்று கணக்குப் பார்க்கத் தனிமனிதர் எவராலும் முடியாது.

1876 முடிவதற்குள் சென்னை நகரத்தில் சோறு போடும் வேலையையும் அரசே ஏற்கத் தொடங்கியது. கேள்வி இப்போது கஜானாவின் வாசலுக்கு வந்துவிட்டது.

ஒரு பவுண்டு தானியம்

கஜானாவின் வாசலில் நின்றவர் சர் ரிச்சர்டு டெம்பிள்.

இவர் கதையே விசித்திரமானது. 1873–74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இவரே முன்னின்று பர்மாவிலிருந்து நான்கரை லட்சம் டன் அரிசியை வரவழைத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவாக இருந்தது. பாராட்டு வந்திருக்க வேண்டும்; வந்தது கண்டனம். வரிப்பணத்தை அள்ளி இறைத்துவிட்டார், சோம்பேறிகளை வளர்த்துவிட்டார் என்று லண்டனில் எழுதினார்கள். அந்தக் குற்றச்சாட்டு அவரை விட்டு நீங்கவே இல்லை.

1877 ஜனவரியில் லிட்டன் அவரையே பஞ்சப் பிரதிநிதியாகத் தெற்கே அனுப்பினார். இந்த முறை அவர் வேறு மனிதராக வந்தார். அரசின் வாதம் எளிமையானது. முற்றிலும் அர்த்தமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. அரசு கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொரு ஏழையிடமிருந்து வரியாக வாங்கியது. வங்காளத்து விவசாயியின் காசைச் சென்னைக்குச் செலவிடும்போது கைநடுங்கத்தான் வேண்டும். எவ்வளவு செலவானாலும் எல்லா உயிரையும் காப்பாற்றுவோம் என்று எந்த அரசும் வாக்குக் கொடுக்க முடியாது. உண்மையிலேயே வழியற்றவனுக்கு மட்டும் உதவ வேண்டும். அவன் உண்மையிலேயே வழியற்றவன்தானா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனைகள் வந்தன. வேலைத்தளம் வீட்டிலிருந்து வெகு தொலைவில் இருக்கும். அங்கேயே தங்க வேண்டும். வேலை கடினமாக இருக்கும். கூலி உயிர் தங்கும் அளவுக்கு மேல் போகாது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. ஏற்கனவே பட்டியலில் இருந்தவர்களில் லட்சக்கணக்கானோர் நீக்கப்பட்டார்கள்.

எதிர்த்து நின்றவர் ராஜதானியின் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். அவர் தத்துவம் பேசவில்லை, எடைக்கணக்கைப் பேசினார். நாள் முழுதும் வெயிலில் மண் வெட்டும் ஒருவனுக்கு ஒரு பவுண்டு தானியம் போதாது. குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சிறையில் வேலை செய்யும் கைதிக்கு அரசு கொடுக்கும் சாப்பாட்டோடு இதை ஒப்பிட்டார். குற்றம் செய்தவனுக்குக் கிடைப்பது, குற்றமே செய்யாமல் பட்டினி கிடந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

வேலைத்தளத்தில் அந்த ஒரு பவுண்டு எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே பார்க்கலாம். காலையில் ஆள் எண்ணிக்கை. மேஸ்திரி அளந்துவிட்ட குழி. வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். குழி ஆழமாக ஆக ஏறும் தூரம் கூடும். சாயங்காலம் கணக்கு. குறைவாக வெட்டியவனுக்குக் கூலியும் குறையும்; கூலி குறைந்தவன் மறுநாள் இன்னும் குறைவாகத்தான் வெட்டுவான். மூன்றாம் வாரம் அவன் கூடையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவான். அப்போது அவன் வேலையாள் பட்டியலிலிருந்து கஞ்சி வாங்குவோர் பட்டியலுக்கு மாறுவான். பல பேருக்கு அந்த மாற்றம் காலங்கடந்து நடந்தது.

சென்னை அரசு கார்னிஷின் பக்கம் சாய்ந்தது. சில மாதங்களில் கூலி தானியத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பருப்பும் சேர்த்தது. ஆனால் கோடைக்குப் பின் மழை மறுபடி தாமதித்தது. ஈஸ்வர வருஷமும் வறட்சியோடு பிறந்தது.

இதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை ஏற்றுமதியானது. சந்தையில் கைவைக்கக் கூடாது என்ற கொள்கை கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

1877 ஆகஸ்டு 4

அன்று சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் கூடியது. அதிகாரிகள், வணிகர்கள், பாதிரிகள், பத்திரிகையாளர்கள், நகரத்து முக்கியஸ்தர்கள் எல்லோரும் இருந்தார்கள். அரசின் நிவாரணம் மட்டும் போதாது. இங்கிலாந்து மக்களிடம் நேரடியாக நன்கொடை கேட்க வேண்டும் என்று முடிவானது. லண்டன் மேயருக்குத் தந்தி பறந்தது.

சிம்லாவில் லிட்டனுக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் பார்வையில் இந்தத் தந்தி அரசாங்கம் தோற்றுவிட்டது என்று உலகுக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலம். நன்கொடை வந்தால் நிவாரணத்தில் இரண்டு கைகள் புகும். ஒரு கை கட்டும் ஒழுங்கை இன்னொரு கை அவிழ்க்கும் என்றும் அவர் பயந்தார். ஆகஸ்டு இறுதியில் தாமே தெற்கே வந்து நிலைமையைப் பார்த்த பிறகுதான் சமாதானமானார்.

லண்டன் மேயர் சர் தாமஸ் வைட் மேன்ஷன் ஹவுஸ் நிதியைத் தொடங்கினார். பணம் ஓடி வந்தது. பிரபுக்களும் பள்ளிப் பிள்ளைகளும் தேவாலயச் சபைகளும் கொடுத்தார்கள். லங்காஷயர் பஞ்சாலை ஊர்கள் தனியாக நிதி திரட்டின. அந்த ஊர்களுக்குப் பழைய கடன் ஒன்று இருந்தது. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் லங்காஷயர் தொழிலாளிகள் பட்டினி கிடந்தபோது இந்தியாவிலிருந்தும் நன்கொடை போயிருந்தது.

வெண்ணந்தூர் போன்ற தறி ஊர்களுக்கு இதில் இன்னொரு கசப்பும் கலந்திருந்தது. கைத்தறித் துணியின் சந்தையைப் பல ஆண்டுகளாக அரித்துவந்ததும் லங்காஷயர் துணிதான். சந்தையில் பறிபோனதில் ஒரு துளி, தர்மமாகத் திரும்பி வந்தது. கொடுத்த தொழிலாளியின் நல்ல மனதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நல்ல மனம் சந்தையின் கணக்கை நேர் செய்யவில்லை.

நவம்பருக்குள் மழை வந்தது; போதும் என்று சென்னைக் குழுவே தெரிவித்தது. வந்த தொகை ஏழு லட்சம் பவுண்டை ஒட்டி நின்றது. ரூபாயில் ஒரு கோடிக்குள். அன்றைய உலகில் அது பிரமிக்க வைக்கும் தொகை. அரசு இந்தப் பஞ்சத்துக்குச் செலவிட்டதோ எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதும் மனமிரங்கிக் கொடுத்ததும்கூட, கஞ்சத்தனமாகச் செலவிட்ட ஓர் அரசின் செலவில் சிறு பங்குதான். அளவு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

எது யாருடைய வேலை?

ஆனால் அளவு மட்டுமே முழு விடை அல்ல. நிதியைச் செலவிடும் நிர்வாகக் குழுவின் செயலாளராக இருந்தவர் வில்லியம் டிக்பி என்ற பத்திரிகையாளர். அந்தக் குழுவின் முன் நின்ற கேள்வி இது: உயிரைக் காப்பது அரசின் வேலை என்றால் தர்மத்துக்கு என்ன வேலை மிச்சம்?

விடையாக நான்கு காரியங்கள் மெல்ல உருப்பெற்றன. முகாமில் இருப்பவர்களுக்கு அரசு கொடுக்கும் கஞ்சிக்கு மேல் ஒரு துணி, நோயாளிக்குக் கொஞ்சம் பால் போன்ற சிறு உதவிகள். அநாதைக் குழந்தைகளின் பராமரிப்பு. செத்தாலும் முகாம் வாசலில் போய் நிற்கமாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே கிடந்த மானஸ்தர்களுக்கும் வெளியே வராத பெண்களுக்கும் ரகசியமாக உதவி. நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது: எல்லாம் இழந்தவனை மறுபடி காலூன்ற வைப்பது. அதாவது விதை, ஏர், உழவு மாடு, கூரை.

இந்தப் பிரிவினைக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. அரசு பட்டியலைப் பார்க்கும்; பட்டியலில் இல்லாதவனைப் பார்க்காது. மணியக்காரர் பெயரை எழுதினால் கஞ்சி உண்டு. கர்ணத்துக்கு வேண்டாதவன் பெயர் விடுபட்டால் இல்லை. அரசின் கை நீளமானது, ஆனால் ஒரே அளவில்தான் அளக்கும். தர்மத்தின் கை குட்டையானது, ஆனால் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தட்டிப் பார்க்கும். 1877-இல் இரண்டும் ஒன்றுக்கொன்று பதிலாக நிற்கவில்லை. ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பியபோதுதான் நிவாரணம் நிவாரணமாக இருந்தது.

1877 இலையுதிர்காலம் முடியும்போது ஜில்லாக் கமிட்டிகள் விதைப்பணம் கொடுக்கத் தொடங்கின. பட்டா வைத்திருந்த சிறு விவசாயிக்கு அது உயிர் மீட்பு. ஆனால் இந்த நான்காவது காரியத்திலும் ஒரு ஓட்டை. நிலம் இருந்தவனுக்கு விதையும் மாடும் கிடைத்தன. நிலமே இல்லாத பண்ணையாளுக்கு மீட்டுத் தர என்ன இருந்தது? பஞ்சத்துக்கு முன் அவன் இருந்த நிலைக்கே அவனைத் திருப்பி அனுப்பினால், அடுத்த பஞ்சத்தில் முதலில் விழப்போவதும் அவன்தான். இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதே தர்மத்தின் எல்லை. இல்லாதவனிடம் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது தர்மத்தின் திட்டத்திலும் இல்லை, அன்றைய அரசின் திட்டத்திலும் இல்லை.

மண்வெட்டி பிடிக்காத கை

நெசவாளர் நிலை இந்த விவாதத்துக்குப் புதிய கோணம் ஒன்றைக் கொண்டுவந்தது.

பஞ்ச காலத்தில் யாரும் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதை. வயலில் பயிர் கருகும் முன்பே தறியில் பாவு நின்றுவிடும். ஆனால் நெசவாளியை ஏரி வேலைக்கு அனுப்பினால் இரண்டு நஷ்டம். வெயிலில் பழகாத உடம்பு குறித்த குழியை வெட்ட முடியாது, கூலி குறையும். அதைவிட, மண்வெட்டி பிடித்துக் காய்த்து வெடித்த விரல், மென்மையான இழையைப் பிறகு சரியாகக் கையாளாது. உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று பிழைப்பை அழிப்பதாகிவிடும்.

சென்னை ராஜதானியில் சில இடங்களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: நெசவாளிக்கு நூலை முன்பணமாகக் கொடுப்பது, நெய்த துணியை அரசே வாங்கிக்கொள்வது. இலவசமும் இல்லை, வெறும் சோதனைக் கூலியும் இல்லை. அவன் தொழிலையே அவனுக்கு நிவாரணமாக்கும் ஏற்பாடு. பிற்காலப் பஞ்ச விதிகளில் கைத்தொழிலாளருக்கு அவரவர் தொழிலிலேயே நிவாரணம் தரலாம் என்ற வழி இடம்பெற்றது.

நூறு ஆண்டு கழித்து, 1983-இல் தமிழ்நாடு அரசு பொங்கலுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டத்தைத் தொடங்கியபோது அதே தர்க்கம் பெரிய அளவில் திரும்பி வந்தது. வாங்குபவருக்கு அது இலவசம். நெய்பவருக்கோ அது வேலை. கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நெசவாளருக்கு உறுதியான கொள்முதல். வரிப்பணம் ஒரே நடையில் இரண்டு வீடுகளுக்குப் போனது. அதை வீண் செலவு என்று சொன்னவர்களும் உண்டு. தறி ஓடும் ஊர்களில் அந்தப் பேச்சு அவ்வளவாக எடுபடவில்லை.

கோடு விழுந்தது

மழை வந்தும் சாவு நிற்கவில்லை. நனைந்த உடம்பைக் காய்ச்சல் பிடித்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-இல் சுமார் 16 லட்சம். வழக்கமாகக் கூடியிருக்க வேண்டிய பத்தாண்டில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய குறைவு. செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் அதில் அடக்கம்.

இவ்வளவு பெரிய எண்ணிக்கையை எந்த அரசும் மௌனமாகத் தாண்டிப்போக முடியாது. 1878-இல் ரிச்சர்டு ஸ்ட்ராச்சி தலைமையில் பஞ்சக் கமிஷன் அமைக்கப்பட்டது. 1880-இல் அறிக்கை வந்தது. பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பது அரசின் கடமை என்று அது ஏற்றுக்கொண்டது. வைஸ்ராயின் மனநிலையையோ கலெக்டரின் இரக்கத்தையோ நம்பாமல், முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளின்படி நிவாரணம் தொடங்க வேண்டும் என்றது. எந்த அறிகுறி தெரிந்தால் சோதனை வேலை திறப்பது, எப்போது ஊர்ப் பட்டியல் எழுதுவது, யாருக்கு எவ்வளவு என்றெல்லாம் 1883 முதல் பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன.

இது திருப்புமுனைதான். ஆனால் கமிஷன் ஒரு கதவைத் திறந்த கையோடு இன்னொன்றைச் சாத்தியது.

இங்கிலாந்தில் 1601 முதலே ஏழைச் சட்டம் இருந்தது. ஒவ்வொரு பாரிஷும் உள்ளூர்க்காரரிடம் கட்டாய வரி வாங்கி ஏழைகளைக் காக்க வேண்டும். 1834-இல் அதைக் கடுமையாக்கி வேலைக்கூடங்களைக் கொண்டுவந்தார்கள். என்றாலும் உதவி கேட்கும் சட்ட உரிமை அங்கே இருந்தது. அந்த உரிமை இந்தியாவுக்கு வேண்டாம் என்று கமிஷன் சொன்னது. பஞ்சத்தில் உதவி கேட்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டால், நாளை எல்லாக் காலத்திலும் அந்த உரிமை உண்டு என்ற வாதம் வரும்; அவ்வளவு பாரத்தைக் கஜானா தாங்காது என்பது அதன் கவலை. சாதாரண காலத்து வறுமையை இந்தியரின் தர்மகுணமே பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

அதாவது பஞ்சம் என்று அறிவிக்கப்பட்ட நாளில் பட்டினி அரசின் பொறுப்பு. அறிவிக்கப்படாத நாளில் அது ஊரின் தர்மம். ஒரே பசி, தேதியை வைத்துப் பொறுப்பு மாறியது.

கமிஷனுக்குள்ளேயே எல்லோரும் உடன்படவில்லை. விவசாயம் தெரிந்த ஜேம்ஸ் கேர்டும் சென்னையைச் சேர்ந்த அதிகாரி சல்லிவனும் தனிக்கருத்து எழுதினார்கள். மக்களை முகாம்களுக்கு இழுக்காமல் ஊரிலேயே நிவாரணம் தருவதையும் தானியத்தைச் சேமித்து வைப்பதையும் அவர்கள் வலியுறுத்தினார்கள். அன்று அது தோற்ற கருத்து. பிற்காலத்தில் ரேஷன் கடையும் தானியக் கிடங்கும் சுதந்திர இந்தியாவின் கொள்கையானபோது, அந்தத் தோற்ற பக்கத்துக்கு நியாயம் கிடைத்தது.

யார் தலையில்?

எஞ்சியது ஒரே கேள்வி: பணம் யாருடையது?

தர்மத்துக்கு இல்லாத ஒரு பலம் அரசுக்கு உண்டு. கொடுக்க மனமில்லாதவனிடமும் அது வாங்க முடியும். அந்தப் பலத்திலேயே அதன் அபாயமும் இருக்கிறது: கொடுக்க முடியாதவனிடமும் அது வாங்க முடியும். இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுத்தால் அதை நியாயம் என்று வாதிடலாம். இல்லாதவனிடமே எடுத்து இல்லாதவனுக்குக் கொடுத்தால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

அடுத்தடுத்த பஞ்சங்களுக்காக ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கும் பஞ்சக் காப்புத் திட்டத்தை இந்திய அரசு அறிவித்தது. அதற்கு வருமானம் தேட 1878-இல் வணிகர் மேலும் கைத்தொழிலாளர் மேலும் லைசென்ஸ் வரி விதித்தது. சென்னையில் இதற்குத் தனிச்சட்டம் வந்தது. பெரிய சம்பளம் வாங்கிய அதிகாரிகளும் வக்கீல்களும் தொடக்கத்தில் அதற்குள் வரவில்லை. அதே சமயம் சென்னையில் உப்பு வரியும் ஏறியது: மணங்குக்கு ஒரு ரூபாய் பதின்மூன்று அணாவாக இருந்தது இரண்டரை ரூபாயானது.

உப்பை யாரும் விட்டுவிட முடியாது. கேழ்வரகுக் கூழுக்குக் கறிகாய் இல்லாவிட்டாலும் உப்பு வேண்டும். ஜமீன்தாரும் பண்ணையாளும் கிட்டத்தட்ட ஒரே அளவு உப்புதான் தின்கிறார்கள்; வரியும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கட்டுகிறார்கள். நேற்றுவரை முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவனும், நாளைய பஞ்சத்தில் தனக்கு ஊற்றப்போகும் கஞ்சிக்கு இன்றே உப்பில் காசு கட்டத் தொடங்கினான். மேலிருந்து கீழே இறங்க வேண்டிய செல்வம், கீழேயே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியது.

தர்மம் கேட்பவனிடம் மனமிரங்க வேண்டும். வரி கேட்பவனிடம் கணக்குக் கேட்கலாம். வரிக்கும் தர்மத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான். ஆனால் அன்று வரி கட்டியவர்களுக்கு ஓட்டும் இல்லை, கணக்குக் கேட்கும் சபையும் இல்லை. இந்தப் பணம் பஞ்சத்துக்கே செலவாகும் என்ற லிட்டனின் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

1878 நவம்பரில் பிரிட்டிஷ் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. கஜானாவில் பற்றாக்குறை விழுந்தது. பஞ்சக் காப்பு ஒதுக்கீடு தடுமாறத் தொடங்கியது. ஆனால் உப்பு வரி இறங்கவில்லை. லைசென்ஸ் வரியும் நீக்கப்படவில்லை.

பசித்தவன் பெயரைச் சொல்லி வாங்கிய காசு எங்கே போனது? அதைக் கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது?

(அடுத்த வாரம்: காபூலுக்குப் போன கஞ்சிக் காசு)